எடைமேடையில் படுத்த மொங்கான்

தை பிறந்து ஒன்பதாம் நாள், காலை பத்தரை மணிக்கு, தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளங்களுக்கு நடுவே போகும் சாலையில், பொன்னுத்துரை அண்ணாச்சியின் எடைமேடையிலிருந்து ஒரு உப்பு லாரி இறங்கி அடுத்த லாரி ஏறுவதற்குள் கிடைத்த இரண்டு நிமிட இடைவெளியில், பதினோரு வருடமாக ஒரு கணினி விளையாட்டின் கடைசி வாசலில் காத்துக் கிடந்த மொங்கான், காத்திருந்து அலுத்துப்போய், தானே கிளம்பி வந்து மேடையில் படுத்துக்கொண்டது.

வரிசையில் நின்ற லாரிக்காரர் இசக்கிராஜா ஹாரன் அடித்துப் பார்த்தார். அது அசையவில்லை. கண்ணாடி அறைக்குள் எடை போட உட்கார்ந்திருந்த ஜெசிந்தா தலையை நீட்டினாள். லாரி உயரம், ஆமை முகம், மூன்று கண், ஆறு கால், இரட்டை வால், முதுகு முழுக்கக் கோரைப்புல் அடர்த்தியில் பச்சை மயிர். ஒரு மயிர்கூடப் பிசகாமல் அவளுடைய மொங்கான்தான். அவளுக்குப் பயம் வரவில்லை, சந்தோஷம் வந்தது. கை மட்டும் பழக்க தோஷத்தில் பொத்தானை அமுக்கிச் சீட்டு எடுத்துவிட்டது. மூவாயிரத்து எண்ணூற்று நாற்பது கிலோ.

ஜெசிந்தாவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. இருபது வயதில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள், லாரிக்கும் லாரிக்கும் நடுவில் பொழுது போகாமல் ‘வாசல்களின் நாடு’ என்ற அந்த விளையாட்டைத் தொட்டாள், பிறகு அது அவளை விடவில்லை. எந்த ஊர்க் கம்பெனிக்காரனோ செய்தது. வாசல் காக்கும் அரசி, பேசும் கிணறு, பல் முளைத்த பாலம் என்று ஆயிரம் ஜந்துக்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பூர்வீகம், பூர்வீகத்துக்கு ஒரு பூர்வீகம். அதையெல்லாம் அவள் தமிழில் விளக்கி வீடியோ போட்டாள். பின்னால் லாரி ஹாரன் கேட்கும். நடுவில் “இருங்க மக்கா, ஒரு லோடு வருது” என்று எழுந்து போவாள். ‘எடைமேடை அக்கா’ என்றால் வாணியம்பாடியிலிருந்து மலேசியா வரைக்கும் தெரியும். வாயில் நுழையாத பெயரோடு இருந்த அந்த மிருகத்துக்கு மொங்கான் என்று பெயர் வைத்ததும் அவள்தான். முதல் பாகம் ஒரு மூடிய வாசலில் முடிந்து போக, இரண்டாம் பாகம் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று பதினோரு வருடம் ஓடியது. கம்பெனிக்காரன் தும்மினால்கூட அதற்கு அர்த்தம் சொல்ல நாலாயிரம் பேர் கொண்ட ஒரு காத்திருப்போர் சங்கமே இருந்தது, அதற்கும் அவள்தான் தலைவி.

மொங்கான் ஏன் வந்தது என்று ஊரில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. வந்தாயிற்று, இனி ஆக வேண்டியதைப் பார்ப்போம் என்பதுதான் அந்தப் பக்கத்து வழக்கம். அண்ணாச்சி வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதை மூன்று சுற்று சுற்றி வந்தார்.

“ஏட்டி ஜெசிந்தா, இது கடிக்குமா?”

“இல்ல அண்ணாச்சி. கருப்பட்டி குடுத்தா திங்கும்.”

“மேடைய விட்டு எறங்குமா?”

அதுதான் நடக்கவில்லை. கருப்பட்டி காட்டினார்கள், பனங்கிழங்கு காட்டினார்கள், கொட்டு அடித்தார்கள், கயிறு கட்டிப் பதினாறு பேர் இழுத்தார்கள். கொடுத்ததையெல்லாம் தின்றுவிட்டு, கொட்டுக்குக் காதை ஆட்டிவிட்டு, கயிற்றைப் பிடித்த பதினாறு பேரையும் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, மூன்று கண்ணாலும் கண்ணாடி அறையையே பார்த்தபடி அது படுத்துக் கிடந்தது. “ஓம் மேல அதுக்கு எம்புட்டு பிரியம் பாத்தியா” என்றார் அண்ணாச்சி. ஜெசிந்தாவும் அப்படித்தான் நினைத்தாள், நினைத்து நினைத்துப் பூரித்தாள்.

தொழில் நிற்கக் கூடாது. அண்ணாச்சி ஒரு யோசனை சொன்னார், அது அன்றைக்கே சட்டமாகிவிட்டது. லாரி வந்தால் மொங்கான் கால்களை மடக்கி ஒரு ஓரமாக ஒதுங்கும், லாரி ஏறும், மொத்த எடையில் லாரியின் எடையைக் கழித்து, மொங்கானின் மூவாயிரத்து எண்ணூற்று நாற்பதையும் கழித்தால் மிச்சம் உப்பு. ஒரே வாரத்தில் டிரைவர்கள் “லாரி கழிச்சாச்சா, மொங்கான் கழிச்சாச்சா” என்று கேட்டு வாங்கிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். கிராம நிர்வாக அலுவலர் வந்து இருப்பிடச் சான்று எழுதிக் கொடுத்தார். கால்நடை மருத்துவர் பல்லை எண்ணிவிட்டு, எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று தெரியாமல் எருமைப் பிரிவில் சேர்த்தார். முந்திரி மேக்கரூன் மிட்டாய் போடும் கடைக்காரர் பச்சை நிறத்தில் ஆறு கால் வைத்து ஒன்று போட, அது மாலைக்குள் தீர்ந்தது. பங்குச் சாமியார் யோசித்து யோசித்து, நோவாவின் பேழையில் இடம் கிடைக்காமல் போனவற்றைப் பற்றி வேதத்தில் ஒன்றும் சொல்லவில்லை என்று பிரசங்கத்தில் சொல்லி வைத்தார். பூநாரைகள் வந்து அதன் முதுகில் நின்றன.

எல்லோரையும்விட அதிகம் அனுபவித்தவர்கள் உப்பளத்துப் பெண்கள். அந்த வெள்ளை வெளியில் ஒரு மரம் கிடையாது, ஒரு நிழல் கிடையாது. தலைமுறை தலைமுறையாக வெயிலிலேயே குந்திச் சோறு தின்றவர்கள். இப்போது மத்தியானம் ஆனால் நாற்பது தூக்குவாளியும் மொங்கானின் வடக்குப் பக்க நிழலில் வரிசை கட்டின. பேச்சித்தாய் என்ற கங்காணியம்மா, இருபத்தாறு வருடம் உப்பு வாரிக் காலெல்லாம் வெடித்துப் போனவள், முதல் நாள் அந்த நிழலில் காலை நீட்டிப் படுத்து, “ஆத்தாடி, மேலு குளுருது” என்று சொல்லி அழுதேவிட்டாள்.

வாணியம்பாடியிலிருந்து ரிஸ்வான் வந்தான். சங்கத்தின் செயலாளர், பல் மருத்துவம் படித்தவன், ஜெசிந்தாவோடு எட்டு வருடமாக மொங்கானுக்கு நாக்கு ஒன்றா இரண்டா என்று போனில் சண்டை போட்டவன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராகப் போய் வாயைத் திறந்து பார்த்தான்.

“அக்கா, ரெண்டு. நான்தான் சொன்னேன்ல.”

“அடுத்த பாகம் வரட்டும், அதுல என்ன போடுதானோ அதான் கணக்கு” என்றாள் ஜெசிந்தா, தோற்றதை ஒப்புக்கொள்ள மனமில்லாமல்.

ஆனி மாதம் இரண்டாம் தேதி அந்தச் செய்தி வந்தது. இரண்டாம் பாகம் ஆடிப் பதினெட்டு, காலை பதினொன்றரை மணிக்கு வெளியாகும் என்று கம்பெனிக்காரன் அறிவித்தான். சரியாக நாற்பத்தெட்டு நாள். முன்னோட்டப் படத்தில் மூடிய வாசல் திறக்க, உள்ளிருந்து மொங்கானின் மூச்சு புகையாக வந்தது. ஜெசிந்தா நாற்காலி மேல் ஏறி நின்று கத்திய கத்தலில் பூநாரைகள் எழுந்து பறந்தன. ரிஸ்வான் போனிலேயே அழுதான். அண்ணாச்சி என்ன ஏதென்று கேட்காமலே எல்லா லாரிக்கும் சர்பத் வாங்கிக் கொடுத்தார். இரண்டாம் பாகத்தில் மொங்கான் முதுகில் ஏறி சவாரி போகலாமாம்! பதினோரு வருடமாக ஜெசிந்தா கனவில் ஏறிய முதுகு.

நான்காவது நாள் இசக்கிராஜா சிரித்துக்கொண்டே வந்தார். “எக்கா, ஒங்க மேடையில போட்ட எடைக்கு, வெருதுநகர்ல எறக்கும்போது முன்னூத்தி இருவது கிலோ கூட நிக்கி. உப்பு வழியில குட்டி கிட்டி போடுதா?”

உப்பு குட்டி போடாது. ஐந்து மாதமாக யாரும் மொங்கானைத் தனியாக நிறுத்துப் பார்க்கவில்லை. ஒரு தடவை போட்ட எண்ணையே எல்லோரும் கழித்துக்கொண்டிருந்தார்கள். லாரியை இறக்கச் சொல்லிவிட்டுப் பொத்தானை அமுக்கினாள். மூவாயிரத்து ஐந்நூற்று இருபது. மறுநாள் மூவாயிரத்து நானூற்று நாற்பது. அதற்கு மறுநாள் மூவாயிரத்து முன்னூற்று அறுபது. ஒரு நாளைக்கு எண்பது கிலோ. நாற்பத்தெட்டு எண்பதுகள் எவ்வளவு என்று அவளுக்குப் பெருக்கத் தெரியும். அங்கே வாசல் திறக்கும் நிமிடத்தில் இங்கே மேடையில் ஒன்றும் இருக்காது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் என்று அவளைக் கேட்டால், அவளுக்கே வெட்கமாக இருக்கும். இரண்டாம் பாகம் வேண்டும், அவ்வளவுதான். மொங்கான் எங்கே போகப்போகிறது, இங்கிருந்து அங்கே போகிறது, அங்கே நான் ஏறிக்கொள்வேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தினமும் குறைந்த எடையைப் பார்த்துக் கழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நிழல் காட்டிக்கொடுத்தது. இருபதாவது நாள் பேச்சித்தாய் தூக்குவாளியோடு கண்ணாடி அறை வாசலில் வந்து நின்றாள்.

“தாயீ, நெழலு ஓட்ட விழுந்துட்டு. சோத்துல வெயிலு புள்ளி புள்ளியா விழுது. என்னட்டி ஆச்சு அதுக்கு?”

ஜெசிந்தா சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். முதல் பாகத்தின் கடைசியில், அரசியைக் கொன்ற பிறகு, மூடிய வாசல் முன்னால் மொங்கான் வந்து நிற்கும். திரையில் இரண்டு சொல் வரும்: இரு, போ. ஒன்றைத் தொட வேண்டும். உலகத்தில் விளையாடிய அத்தனை பேரும் ‘இரு’ என்றுதான் தொட்டார்கள். வாசலில் நிறுத்தி வைத்தது இரண்டாம் பாகத்தில் நமக்கே வந்து சேரும் என்று ஒரு நம்பிக்கை. ‘போ’வைத் தொட்டவன் ஒருத்தனும் இல்லை, தொட்டுவிடாதீர்கள் என்று தமிழில் வீடியோ போட்டதே அவள்தான்.

பேச்சித்தாய் தூக்குவாளியைக் கீழே வைத்தாள்.

“பதினோரு வருசமா?”

“வெளையாட்டுதானக்கா.”

“ஒனக்கு வெளையாட்டு. மேஸ்திரி ‘இரு, இப்ப வாரேன்’னு சொல்லிட்டுப் போவான். நாங்க உப்புத்தண்ணியில நிப்போம். அவன் டீ குடிச்சு, வெத்தல போட்டு, ஊர் நாயம் பேசிட்டு வருவான். அந்த ஒரு மணி நேரத்துல காலு வீங்கிரும். இது ஆறு காலு வச்சிருக்கு. நீ இருன்னு சொன்ன, அது இருக்கு.”

“நான்தான் இப்ப அதுக்கு எதுத்தாப்லயே இருக்கேனே.”

“நீ இருந்து என்ன செய்ய? போன்னு ஒரு வார்த்த சொன்னியா?”

அன்றைக்குத்தான் ஜெசிந்தாவுக்கு உறைத்தது. ஆறு மாதமாக மூன்று கண்ணாலும் அது தன்னைப் பார்த்துக் கிடந்தது பிரியத்தால் அல்ல, ஒரு சொல்லுக்காக. உடனே ஓடிப்போய் அதன் காதருகில் “போ” என்றாள். கத்தினாள். கையெடுத்துக் கும்பிட்டாள். மொங்கான் காதை ஆட்டியது, எழுந்திருக்கவில்லை. சொன்ன இடத்தில்தான் மாற்றிச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

போனில் ரிஸ்வான் பதறினான். “அக்கா, நீங்க கடுமையான முறையில விளையாடினவங்க. பழைய இடத்துக்குப் போகணும்னா அரசியோட திரும்பச் சண்டை போடணும். அதுல செத்தா உங்க அறுநூறு மணி நேரமும் அழிஞ்சிடும். மொங்கானும் அழிஞ்சிடும். உள்ளேயும் இருக்காது, வெளியேயும் இருக்காது.”

“ஜெயிச்சா?”

“ஜெயிச்சு போன்னு சொல்லிட்டா, ரெண்டாம் பாகத்துல உங்களுக்கு மொங்கான் கிடையாது. உலகத்துல எல்லாருக்கும் இருக்கும். உங்களுக்கு மட்டும் கிடையாது.”

ஆகவே அவள் தள்ளிப் போட்டாள். நாளைக்கு நாளைக்கு என்று இருபத்தேழு நாள் தள்ளிப் போட்டாள். நடுவில் இரண்டு தடவை பழைய விளையாட்டைத் திறந்து, அரசி வருவதற்கு முன்பே மூடினாள். ஆடிக் காற்று உப்பளத்தைக் கிழித்துக்கொண்டு அடித்தது, மொங்கானின் பச்சை மயிர் வழியாக அந்தப் பக்கத்து உப்புக் குவியல் தெரிந்தது, பூநாரைகள் நிற்க முதுகு இல்லாமல் கீழே இறங்கின. பெண்கள் மறுபடியும் வெயிலில் குந்தினார்கள், ஆனாலும் தூக்குவாளியைப் பழைய இடத்திலேயே வைத்தார்கள்; அது தனியாக இருக்கக் கூடாதாம். நாற்பத்தேழாவது நாள் எடை எண்பது கிலோ. ஜெசிந்தா போய் அதன் முகத்தைத் தடவினாள். கை உள்ளே போய்விட்டது. மூன்று கண் மட்டும் அப்படியே அவளைப் பார்த்தன. “நாளைக்குக் காலையில, சத்தியமா” என்றாள்.

ஆடிப் பதினெட்டு அன்று ஒன்பதரை மணிக்கு அவள் நாற்காலியில் உட்கார்ந்தபோது, லாரிகள் யாரும் சொல்லாமலே சாலையோரம் நின்றிருந்தன. ரிஸ்வானோடு சங்கத்திலிருந்து நாற்பது பேர் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். தங்கள் தங்கள் வீட்டில் இரண்டாம் பாகத்தைத் தொடங்கியிருக்க வேண்டிய நாளில், அவர்கள் கண்ணாடி அறையைச் சுற்றி நின்று வேர்த்துக்கொண்டிருந்தார்கள். கரண்ட் போனால் என்ன செய்வதென்று இசக்கிராஜா லாரி பேட்டரி இரண்டைக் கழற்றிக் கொண்டு வந்து வைத்தார். மேடையின் எண்பலகை ஏழு காட்டியது.

அரசிக்கு ஏழு கை. ஒவ்வொரு கையிலும் ஒரு சாவி, ஒவ்வொரு சாவிக்கும் ஒரு சாவு. முதல் மூன்றை ஜெசிந்தா பழைய மிடுக்கோடு வெட்டி எறிந்தாள், நாற்பது பேரும் விசிலடித்தார்கள். நான்காவது கை அவளைத் தூக்கிச் சுவரில் அறைந்ததில் உயிர் பாதியாகிவிட்டது.

“இடது பக்கம், அக்கா! ஐஞ்சாவது கை எறங்குறதுக்கு முன்னாடி தோள் துடிக்கும், அதைப் பாருங்க!”

“ஏட்டி, குனி! குனியின்னா குனி!” அண்ணாச்சிக்கு அரசி யார், சாவி எது என்று ஒன்றும் தெரியாது, கபடி பார்க்கிற மாதிரி வேட்டியை இறுக்கிக்கொண்டு கத்தினார். “அந்த மூதேவிய விடாத!”

“அவ காலப் பாரு தாயீ,” என்றாள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்ற பேச்சித்தாய். “ஒரு எட்டு எடுத்து வைக்கதுக்கு முன்ன குதிகால ஊணுதா பாரு. வழுக்கத் தரையில நிக்கவளுக்கு அதான் புத்தி. ஊணும்போது தட்டு.”

பதினோரு வருடமாக உலகம் முழுக்க அரசியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தது; காலை யாரும் பார்த்ததில்லை. ஜெசிந்தா பார்த்தாள். குதிகால் ஊன்றியது. தட்டினாள். அரசி மிச்சமிருந்த நாலு சாவியும் குலுங்கக் குப்புற விழுந்தாள். அடுத்த அடியிலும் விழுந்தாள். திரையில் ஜெசிந்தாவின் உயிர் நகக்கண் அளவு மிச்சம் இருந்தபோது, மணி பதினொன்று இருபத்தைந்துக்கு, அரசி எழுந்திருக்கவே இல்லை.

எழுந்த கூச்சலில் எண்பலகையை யாரும் பார்க்கவில்லை. அது ஒன்றில் நின்றது.

மூடிய வாசல் முன்னால் திரை மொங்கான் வந்து நின்றது. இரண்டு சொல் வந்தன. ஜெசிந்தாவின் விரல் அந்தரத்தில் நின்றது, உண்மையைச் சொன்னால் அப்போதும் ஆசைப்பட்டது. அந்த முதுகில் ஏறி ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு வாசல் வரைக்கும். யாரும் கத்தவில்லை. ரிஸ்வான்கூட வாயைப் பொத்திக்கொண்டான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ‘போ’வைத் தொட்டாள்.

திரையில் மொங்கான் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு திரும்பி, ஆறு காலையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, ஓரத்துக்கு நடந்து, திரையை விட்டு வெளியே போனது. அதற்கு மேல் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்பதால் விளையாட்டு முடிந்தது.

ஜெசிந்தா எண்பலகையைப் பார்த்தாள். சைபர்.

சைபர் என்றால் சைபர்தான். ஒரு கிலோகூட இல்லை. “தப்பாப் போச்சு அண்ணாச்சி,” என்றாள். “நேரம் பிந்திட்டேன். போயிட்டு.”

“போயிட்டா?” என்று வெளியிலிருந்து பேச்சித்தாய் போட்ட சத்தம் உப்பளத்தின் கடைசிப் பாத்தி வரைக்கும் கேட்டது. “எறங்கிட்டுட்டி! மேடைய விட்டு எறங்கிட்டு! வெளிய வந்து பாரு!”

மேடையை விட்டு முதல் தடவையாக இறங்கி, சாலையில் நின்றது மொங்கான். எடை திரும்பி வந்த உடம்பு தார்ச்சாலையில் ஆறு பள்ளம் பதித்திருந்தது. நிழல் கனமாக, ஓட்டை இல்லாமல், இசக்கிராஜாவின் லாரி முழுவதையும் மூடி விழுந்தது. உடம்பை ஒரு உலுக்கு உலுக்கியது, பதினோரு வருடத் தூசி பறந்தது. அப்புறம் ஓடியது. அம்மாடி, என்ன ஓட்டம்! சாலையைத் தாண்டி, பாத்திகளுக்குள் இறங்கி, வரப்புகளை உடைத்து, உப்புத்தண்ணீரைப் பனை உயரம் அடித்துக்கொண்டு, கிழக்கே கடலைப் பார்க்க ஓடியது. “ஏ, எம் பாத்தி! எம் வரப்பு!” என்று தலையில் அடித்துக்கொண்டே, முகமெல்லாம் பல்லாக அண்ணாச்சி பின்னால் ஓடினார். பெண்கள் ஓடினார்கள், டிரைவர்கள் ஓடினார்கள், நாற்பது பேரும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள்.

கண்ணாடி அறைக்குள் கணினி ஒரு மணிச் சத்தம் எழுப்பியது. பதினொன்றரை. இரண்டாம் பாகம் வந்துவிட்டது, தொடங்கலாமா என்று கேட்டது, கேட்டுக்கொண்டே இருந்தது. நாற்காலி காலியாக இருந்தது. ஜெசிந்தா செருப்பில்லாமல், முழங்கால் வரை உப்புத்தண்ணீரில், பூநாரைகள் தலைக்கு மேல் பறக்க, சிரிப்பும் அழுகையுமாக, “போ! போ!” என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே, அதைப் பிடித்துவிடுகிறவள் போல அதன் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தாள்.